ரிப்போர்ட்டில் கிருமி இருக்கிறது, மாமாவுக்கு நோய் இல்லை

கேள்வி:

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நாங்கள் தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டுப் பக்கம் குடியிருக்கிறோம். என் மாமனாருக்கு 71 வயது, சுகர் உண்டு. ஆடி மாதம் திடீரென்று சிறுநீர் அடைத்துக்கொண்டது. பிராஸ்டேட் வீக்கம் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்து டியூப் போட்டார்கள். அங்கேயே குளிர்காய்ச்சல் வந்து இரண்டு வாரம் ஊசி போட்டார்கள். இப்போது டியூப் எடுத்தாயிற்று. காய்ச்சல், எரிச்சல் எதுவும் இல்லை. சாயங்காலம் கோயில் வரைக்கும் நடந்து போய் வருகிறார். எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று யூரின் கல்சர் கொடுத்தோம். கிளெப்சியெல்லா என்ற கிருமி, ஒரு மில்லி சிறுநீரில் ஒரு லட்சத்துக்கு மேல் என்று வந்திருக்கிறது. மருந்துப் பட்டியலில் டைகெசைக்ளினுக்கு மட்டும் 'எஸ்' (வேலை செய்யும்), கொலிஸ்டினுக்கு 'ஐ' (நடுத்தரம்), மற்ற எல்லாவற்றுக்கும் 'ஆர்' (வேலை செய்யாது). எங்கள் தெரு டாக்டர் பத்து நாள் கொலிஸ்டின் ஊசி போட வேண்டும் என்கிறார். நாத்தனார் வந்து, "எந்த மருந்துக்கும் கேக்காத கிருமியாம், பிள்ளைய அப்பாகிட்ட விடாதே, தட்டு டம்ளரத் தனியா வை" என்று சொல்லிவிட்டுப் போனார். இருப்பது ஒரே ரூம். மாமாவோ, "என்னை ஊருக்கு ரயிலேத்தி விட்டுடு தாயி" என்கிறார். என் மகளுக்கு நாலு வயது. நேற்றிலிருந்து சளி, காய்ச்சல். மெடிக்கலில் அசித்ரோமைசின் சிரப் கொடுத்திருக்கிறார்கள். கொடுக்கலாமா? எல்லாவற்றுக்கும் மெடிக்கலில் வாங்கி வாங்கிப் போட்டதால்தான் இப்படி ஆனதா?

ஒரு மருமகள், தாராவி, மும்பை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மாமாவின் ரயில் பயணத்தை நிறுத்துங்கள். அவர் அதே ரூமில், பேத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருக்கட்டும். தட்டும் டம்ளரும் எப்போதும் போலவே புழங்கட்டும். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இன்றைக்கு அவருக்கு நோய் எதுவும் இல்லை. ரிப்போர்ட்டில் கிருமி இருக்கிறது, அவ்வளவுதான். இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால்தான் எத்தனையோ வயதானவர்களுக்குத் தேவையில்லாத ஊசி ஏறுகிறது. அடுத்த தடவை உண்மையாகவே நோய் வரும்போது கொடுக்க மருந்தில்லாமல் போகிறது.

நான் நுண்ணுயிரியல் மருத்துவர். நீங்கள் கையில் வைத்திருப்பது போன்ற ரிப்போர்ட்டை எழுதுவதுதான் என் வேலை. அது எப்படித் தயாராகிறது என்று தெரிந்தால் உங்கள் பயம் பாதி குறையும். மாமாவின் சிறுநீரில் ஒரு மெல்லிய கம்பி வளையத்தை முக்கி, ஊட்டச்சத்து கலந்த ஜெல்லித் தட்டில் கோடு கோடாக இழுப்போம். உடம்புச் சூட்டிலேயே ஒரு ராத்திரி வைத்திருப்போம். கிளெப்சியெல்லா என்றால் காலையில் தட்டு முழுக்கக் கொழகொழவென்று பளபளப்பாக வளர்ந்திருக்கும், சில சமயம் கம்பியால் தொட்டுத் தூக்கினால் நூல் போல இழுபடும். அதை எடுத்து இன்னொரு தட்டில் சீராகப் பூசி, மருந்து தோய்த்த சின்னச் சின்ன வட்டக் காகிதங்களை அதன்மேல் வைப்போம். மறுநாள் பார்த்தால், வேலை செய்கிற மருந்தைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிவான ஒரு வட்டம் விழுந்திருக்கும். வேலை செய்யாத மருந்தின் விளிம்பு வரைக்கும் கிருமி வந்து அண்டியிருக்கும். அளவுகோலை வைத்து அந்த வட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து 'எஸ்' என்றோ 'ஆர்' என்றோ எழுதுகிறோம். பல லேப்களில் இப்போது இதை இயந்திரமே செய்கிறது. எப்படிச் செய்தாலும், மாமாவுக்குக் காய்ச்சல் அடிக்கிறதா, அவர் கோயிலுக்கு நடந்து போய் வருகிறாரா என்பது அந்தத் தட்டுக்குத் தெரியாது. அது வீட்டில் இருக்கிற உங்களுக்குத்தான் தெரியும்.

வயதானவர்கள், சுகர் உள்ளவர்கள், டியூப் போட்டு எடுத்தவர்கள் ஆகியோரின் சிறுநீரில் எந்தத் தொந்தரவும் கொடுக்காமல் கிருமி தங்கியிருப்பது சர்வ சாதாரணம். அப்படிப்பட்டவர்களுக்கு மருந்து கொடுப்பதால் நன்மை இல்லை என்று பல ஆய்வுகளில் பார்த்தாயிற்று. மருத்துவ வழிகாட்டிகளும் கொடுக்க வேண்டாம் என்றே சொல்கின்றன. இதற்கு விலக்கு இரண்டுதான். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்க வேண்டும். சிறுநீர்ப் பாதையில் ஆபரேஷன் செய்யப் போகிறவர்களுக்கும் கொடுக்க வேண்டும். இரண்டாவது உங்கள் மாமாவுக்குப் பொருந்தக்கூடும் என்பதால் கடைசியில் அதைப் பற்றிச் சொல்கிறேன்.

இப்போது கொலிஸ்டின் ஊசிக்கு வருவோம். உங்கள் தெரு டாக்டரை நான் குறை சொல்லவில்லை. வரிசையாக இத்தனை 'ஆர்' இருந்தால் யாருக்கும் கலக்கம் வரும், எதையாவது செய்தாக வேண்டும் என்று தோன்றும். ஆனால் கொலிஸ்டின் லேசான மருந்து இல்லை. சிறுநீரகத்தைப் பாதிக்கும் மருந்து அது. மற்ற எல்லாம் கைவிட்ட பிறகு, உயிருக்கு ஆபத்தான நிலையில் ஐசியூவில் எடுக்கிற மருந்து. அதற்கு 'எஸ்' என்று எழுதுவதையே நாங்கள் விட்டுவிட்டோம். 2020லிருந்து நாங்கள் பின்பற்றும் அமெரிக்க விதிமுறையில் அதற்கு 'ஐ', இல்லையென்றால் 'ஆர்', அவ்வளவுதான். அதன் பலனை முழுசாக நம்ப முடியாது என்பதுதான் காரணம். டைகெசைக்ளினுக்கு நேரே 'எஸ்' இருப்பதைப் பார்த்தும் ஆறுதல் அடைய வேண்டாம். அந்த மருந்து சிறுநீரில் போதிய அளவுக்கு இறங்காது. 71 வயதில், சுகரும் இருக்கும்போது, நோயே இல்லாத ஒருவருக்குப் பத்து நாள் கொலிஸ்டின் போட்டால் இப்போது நன்றாக இருக்கும் சிறுநீரகம் கெட்டுப்போக வாய்ப்புண்டு. கிருமியும் முழுசாகப் போய்விடும் என்று உறுதி சொல்ல முடியாது.

ஆகவே டாக்டரிடம் போய் மரியாதையாகவே கேளுங்கள்: "டாக்டர், அவருக்குக் காய்ச்சலோ எரிச்சலோ எதுவுமே இல்லை, ரிப்போர்ட்டில் மட்டும்தான் இருக்கு. இப்ப ஊசி கட்டாயமா? யூராலஜி (சிறுநீர்ப் பாதை) டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடலாமா?" இப்படிக் கேட்டால் பெரும்பாலான டாக்டர்கள் கோபப்பட மாட்டார்கள். ரிப்போர்ட்டையும் பழைய கேஸ் பேப்பரையும் எடுத்துக்கொண்டு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் யூராலஜி ஓபிடிக்குப் போங்கள். அவரை நேரில் பரிசோதிக்கிற டாக்டர் சொல்வதுதான் முடிவு. என் கடிதம் அதற்கு ஈடாகாது.

மாமாவுக்கு நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, விலாப்பக்கம் வலித்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, திடீரென்று சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தாலோ, சிறுநீர் மறுபடி அடைத்துக்கொண்டாலோ, அன்றைக்கே, ராத்திரி ஆனாலும், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். அந்த நிலையில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். இந்த ரிப்போர்ட் உயிரைக் காப்பாற்றுவதும் அப்போதுதான். எந்த மருந்து வேலை செய்யாது என்று முன்கூட்டியே தெரிந்திருப்பதால் டாக்டர் சரியான மருந்தை முதல் வேளையிலேயே தொடங்கிவிடுவார். கல்சர் வரும் வரை இரண்டு மூன்று நாள் காத்திருக்க வேண்டியதில்லை.

இந்தக் கிருமி எங்கிருந்து வந்தது? அநேகமாக ஆஸ்பத்திரியிலிருந்து. டியூப் உள்ளே இருக்கிற ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி ஏறுவதற்கு 3 முதல் 7 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது. ஒரு மாதம் இருந்துவிட்டால் கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஏறிவிடும். டியூபின் உட்புறத்தில் கிருமிகள் ஒரு வழுவழுப்பான படலம் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். எந்த மருந்தும் அந்தப் படலத்துக்குள் சரியாகப் போய்ச் சேராது. டியூபை எடுப்பதுதான் அதற்கு வைத்தியம்.

ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவருக்கு இது போகிற வழியைக் கண்ணால் பார்க்கலாம். வார்டில் சிறுநீர்ப் பை நிரம்பியதும் அதைக் காலி செய்ய ஒரு பிளாஸ்டிக் ஜக் இருக்கும். பையின் அடிக்குழாயைத் திறந்து, ஜக்கில் பிடித்து, எத்தனை மில்லி என்று பார்த்து எழுதிவிட்டு அதே ஜக்கோடு அடுத்த படுக்கைக்குப் போவார்கள். குழாயின் நுனி ஜக்கின் விளிம்பில் இடிக்கும். கையுறையும் மாற்றுவதில்லை. முதல் படுக்கைக்காரரின் கிருமி ஆறாவது படுக்கை வரைக்கும் போக இது போதும். வேலை செய்பவர்கள் மேல் பழி போட இதைச் சொல்லவில்லை. நாற்பது படுக்கைக்கு இரண்டே சிஸ்டர்கள் இருக்கிற ராத்திரியில், ஒவ்வொரு படுக்கைக்கும் ஒரு ஜக்கை யார் வாங்கி வைத்திருக்கிறார்கள்? ஆனால் இது ஆஸ்பத்திரி நிர்வாகம் செய்துதர வேண்டிய காரியம். அதிகம் செலவில்லாதது. இதையும் கை கழுவும் மருந்தையும் எல்லாப் படுக்கைக்கும் வாங்கி வைக்காமல், விலை உயர்ந்த ஆன்டிபயாடிக்குகளை மட்டும் ஸ்டோரில் அடுக்கிவைப்பது என்ன நியாயம் என்று நான் கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

நம் ஊர் முனிசிபல் ஆஸ்பத்திரிகளில் பாதி நர்ஸ் வேலையை வீட்டார்தான் செய்கிறார்கள். பையைக் காலி செய்வது, உடம்பு துடைத்துவிடுவது, ஊட்டிவிடுவது எல்லாம் நீங்களேதான். அதனால் அங்கே உங்களால் செய்ய முடிந்தது நிறைய இருக்கிறது. சொந்தமாக ஒரு ஜக்கோ அகலமான டப்பாவோ கொண்டுபோங்கள். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையில் படக்கூடாது. தொடும் முன்பும் தொட்ட பின்பும் கை கழுவுங்கள். பக்கத்துப் படுக்கைத் தாத்தாவுக்கு உதவி செய்தால் அவரிடமிருந்து திரும்பும்போதும் கழுவுங்கள். இதில் எதையும்விட முக்கியம், தினமும் காலை ரவுண்டில் ஒரே ஒரு கேள்வி: "டியூப் இன்னும் தேவையா டாக்டர்?" வேலை நெருக்கடியில் டியூப் இருப்பதே மறந்துபோவது உண்டு. வீட்டார் கேட்டால் ஞாபகம் வரும்.

நாத்தனாரின் பயத்துக்கு வருவோம். பிள்ளைமேல் உள்ள பாசத்தில் சொல்லியிருக்கிறார், கோபப்படாதீர்கள். ஆனால் அவரிடம் இதைச் சொல்லுங்கள்: மருந்துக்குச் சாகாத கிருமி, சோப்புக்குச் சாதாரணக் கிருமி போலவே போய்விடும். கொதிக்கிற தண்ணீரில் சாகும், பிளீச்சிங் பவுடரில் சாகும், வெயிலில் காய்ந்த துணியில் நிலைக்காது. ஆன்டிபயாடிக்கை ஏமாற்ற அது கற்றுக்கொண்ட வித்தை இவற்றிடம் செல்லாது. அது காற்றில் பரவுவதும் இல்லை. பேசினால், பக்கத்தில் படுத்தால், ஒரே தட்டில் சாப்பிட்டால் தொற்றுமே என்று பயப்பட வேண்டாம். மலம், சிறுநீர், அவை பட்ட கை, இந்த வழியாகத்தான் போகிறது.

எனவே வீட்டில் கவனிக்க வேண்டிய இடம் மோரிதான், அதாவது ரூமுக்குள்ளேயே குளிக்கவும் பாத்திரம் கழுவவும் இருக்கிற மூலை. ராத்திரி பொதுக் கழிப்பறை வரைக்கும் நடக்க முடியாமல் மாமா டப்பாவில் சிறுநீர் கழிப்பவராக இருந்தால், அந்த டப்பா அதற்கென்றே தனியாக இருக்கட்டும். காலி செய்கிறவர் சோப்புப் போட்டு, விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கை கழுவட்டும். கொட்டிய இடத்தில் தண்ணீர் ஊற்றித் தேய்த்துவிடுங்கள், பாத்திரம் கழுவுவது அதற்குப் பிறகு. டவல் மட்டும் அவருக்குத் தனியாக இருந்தால் நல்லது, எல்லோருக்கும் தனித்தனி என்றால் இன்னும் நல்லது. மாமாவும் கழிப்பறை போய் வந்ததும் கை கழுவட்டும், பேத்திக்குச் சோறு ஊட்டும் முன்பும் கழுவட்டும். தண்ணீர் வருகிற நேரம் குறைவு என்று எனக்குத் தெரியும். டிரம் தண்ணீரில் ஒரு செம்பும் ஒரு சோப்புத் துண்டும் மோரிப் பக்கத்தில் எப்போதும் இருந்தால் போதும்.

பேத்திக்குத் தொற்றிவிட்டால்? தொற்றினாலும் அது நோய் இல்லை. குடலில் கோடிக்கணக்கான கிருமிகளோடு இதுவும் ஒன்றாகக் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகும். நெதர்லாந்தில் வெளிநாடு போய் வந்த இரண்டாயிரம் பயணிகளைச் சோதித்து 2017ல் ஒரு ஆய்வு வெளியானது. தெற்காசியா வந்து போனவர்களில் 75 சதவீதம் பேர் மருந்தை எதிர்க்கும் கிருமியைக் குடலில் ஏந்திக்கொண்டு ஊர் திரும்பியிருந்தார்கள். பாதிப் பேருக்கு ஒரு மாதத்துக்குள் அது மறைந்துவிட்டது. வீட்டில் இன்னொருவருக்குப் போகும் வாய்ப்பு 12 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். அவர்கள் பார்த்தது உங்கள் மாமாவிடம் இருப்பதைவிட ஒரு படி குறைந்த எதிர்ப்புள்ள வகை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இந்தக் கிருமி மறைய இன்னும் சில மாதங்கள் ஆகலாம். ஆனால் பெரும்பாலும் போய்விடும். நடுவில் மறுபடி மறுபடி ஆன்டிபயாடிக் கொடுத்தால்தான் அது கிளம்பாமல் தங்கிவிடும்.

ஏன் என்று கேட்டால், நம் குடல் காலை எட்டரை மணி லோக்கல் ரயில் போல. புதிதாக ஒரு ஆள் ஏற இடமே இருக்காது. நல்ல கிருமிகளின் கூட்டம்தான் நமக்குக் காவல். ஆன்டிபயாடிக் சாப்பிட்டதும் அந்தப் பெட்டி காலியாகிறது. மருந்துக்குச் சாகாதவன் மட்டும் ஏறி, கால் நீட்டி உட்கார்ந்துகொள்கிறான்.

"நாங்கள் மெடிக்கலில் வாங்கிப் போட்டதுதான் காரணமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் குடும்பத்தின் தலையில் இதைக் கட்ட மாட்டேன். ஒவ்வொரு சளிக்கும் ஒரு ஸ்ட்ரிப் என்று போட்டது மாமாவின் குடலில் இடம் காலி செய்து வைத்திருக்கும், அது உண்மை. ஆனால் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்த கிருமி உங்கள் வீட்டில் பிறந்ததில்லை. மருந்தை எதிர்க்கும் சக்தியைக் கிருமிக்குத் தரும் மரபணு பல கிருமிகளில் ஒரு சின்ன வளையத்தில் தனியாக இருக்கிறது. பிளாஸ்மிட் என்று அதற்குப் பெயர். ஒரு கிருமி அதைப் பிரதி எடுத்துப் பக்கத்துக் கிருமிக்குக் கொடுத்துவிடும். வேறு இனக் கிருமியாக இருந்தாலும் கொடுக்கும். என்.டி.எம்-1 என்ற மரபணு அப்படிப் பரவியதுதான். மெரோபெனம் மாதிரியான பெரிய மருந்துகளையே உடைத்துப்போடும் நொதியை உண்டாக்குவது அது. 2010ல் சென்னையிலும் ஹரியானாவிலும் நோயாளிகளிடம் அது இருப்பதைக் காட்டிய ஆய்வில் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமிதான் முதல் ஆசிரியர். அடுத்த ஆண்டு டெல்லியில் தெருவோரம் தேங்கிய தண்ணீரிலும் குழாய்த் தண்ணீரிலும் சோதித்தார்கள். தேங்கிய தண்ணீர் 171 மாதிரிகளில் 51ல் அந்த மரபணு இருந்தது. குழாய்த் தண்ணீர் 50 மாதிரிகளில் 2ல் இருந்தது. காலராக் கிருமியிலும் சீதபேதிக் கிருமியிலும்கூட அது ஏறியிருந்தது.

ஆகவே ஆஸ்பத்திரிக் கிருமி ஆஸ்பத்திரியிலேயே இருக்கும், ஊர்க் கிருமி ஊரிலேயே இருக்கும் என்றெல்லாம் இப்போது பிரித்துப் பார்க்க முடியாது. நோயாளியின் குடலிலிருந்து சாக்கடைக்கு, சாக்கடை ஓரமாகவே ஓடும் தண்ணீர்க் குழாயின் விரிசலுக்கு, அங்கிருந்து டம்ளருக்கு என்று அது சுற்றுகிறது. கோழிப் பண்ணைகளும் இதில் சேர்த்தி. நோய் இல்லாத கோழிகளுக்கும் சீக்கிரம் எடை போட வேண்டும் என்று தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலந்தார்கள். உங்கள் மாமாவுக்கு எழுதப்பட்ட அதே கொலிஸ்டினும் அதில் ஒன்று. 2019 ஜூலையில்தான் உணவுக்கு வளர்க்கும் பிராணிகளுக்கு அதைத் தரக்கூடாது என்று மத்திய அரசு தடை போட்டது. பெரிய ஆஸ்பத்திரிகளிலிருந்து கணக்கெடுக்கும் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) அறிக்கையில், 2016ல் கிளெப்சியெல்லாவில் 65 சதவீதம் மெரோபெனத்தின் இனத்தைச் சேர்ந்த இமிபெனத்துக்குக் கட்டுப்பட்டது. 2021ல் அது 43 சதவீதமாக இறங்கிவிட்டது. ஐந்தே வருஷத்தில் இவ்வளவு. இந்த எண்ணைப் பார்த்த பிறகும் எப்படி நிம்மதியாக இருப்பது? அதனால்தான் உங்கள் ஒரு கடிதத்துக்கு இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துக் குடியுங்கள், மழைக்காலத்தில் கட்டாயம். கோழிக்கறி நன்றாக வேகட்டும், பச்சைக் கறி நறுக்கிய பலகையில் அப்படியே வெங்காயம் நறுக்க வேண்டாம்.

மகளின் காய்ச்சலைப் பற்றி உங்களுக்கு உடனே தனியாக எழுதியிருந்தேன். மற்ற தாய்மார்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கேயும் சொல்கிறேன். அந்தச் சிரப்பைத் திறக்க வேண்டாம். மூக்கொழுகல், இருமலோடு வரும் காய்ச்சலில் பெரும்பாலானது வைரஸ். ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. சளி பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறினாலும் அதனாலேயே அது பாக்டீரியா என்று ஆகிவிடாது. எடைக்கு ஏற்ற அளவு பாரசிட்டமால், கஞ்சி, ரசம், நிறையத் தண்ணீர், ஓய்வு. பிள்ளை தூங்கும்போது சட்டையைத் தூக்கி மூச்சை ஒரு முழு நிமிஷம் எண்ணுங்கள். இந்த வயதில் நிமிஷத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் போனாலோ, மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்கூட்டின் கீழ்ப்பக்கம் உள்வாங்கினாலோ, தண்ணீர்கூடக் குடிக்காமல் சுருண்டு படுத்தாலோ, வலிப்பு வந்தாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள். மூன்று நாளைக்கு மேல் காய்ச்சல் நீடித்தால், மும்பை மழைக்காலத்தில் மலேரியா, டெங்கு, டைபாய்டு என்று பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது, அதை ரத்தப் பரிசோதனை சொல்லட்டும். ஒரு விஷயம்: டைபாய்டு என்று சந்தேகம் வந்தால் மருந்து தொடங்கும் முன்பே ரத்தக் கல்சர் எடுக்கச் சொல்லுங்கள். முதலில் மருந்தைக் கொடுத்துவிட்டால் கல்சரில் கிருமி சிக்காது. நவி மும்பையில் 2018ல் மாநகராட்சியே பிள்ளைகளுக்கு டைபாய்டு தடுப்பூசி போட்டது. உங்கள் மகளுக்கும் போடலாமா என்று குழந்தைகள் டாக்டரிடம் கேளுங்கள். தடுப்பூசியால் நோய் குறைந்தால் ஆன்டிபயாடிக் தேவையும் குறையும்.

மெடிக்கலில் எந்த ஸ்ட்ரிப் கொடுத்தாலும் முதலில் திருப்பிப் பாருங்கள். நெடுக ஒரு சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் அதை வாங்கக்கூடாது. 2014 மார்ச்சிலிருந்து சில வீரியமான ஆன்டிபயாடிக்குகளுக்கு இன்னும் கடுமையான விதி இருக்கிறது. டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு எல்லாவற்றையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். சட்டம் இருந்தும் நடப்பது வேறு. டாக்டருக்குக் கொடுக்கப் பணமில்லாமல், ஒரு நாள் கூலியை விட முடியாமல்தான் நம் ஆட்கள் மெடிக்கலில் போய் நிற்கிறார்கள். அதற்காக அவர்களைத் திட்டி என்ன பிரயோஜனம்? எல்லா முனிசிபல் டிஸ்பென்சரியும் சாயங்காலம் வேலை முடிந்து வருகிற நேரத்திலும் திறந்திருந்தால் கூட்டம் அங்கே போகும்.

டாக்டர் உண்மையாகவே ஆன்டிபயாடிக் எழுதிக்கொடுத்தால் அவர் சொன்ன நாள் வரைக்கும் சொன்ன வேளையில் கொடுங்கள். மிச்சம் வைத்து அடுத்த காய்ச்சலுக்கு எடுக்காதீர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் கொடுக்காதீர்கள். டிபி மாத்திரை விஷயத்தில் இது பல மடங்கு முக்கியம். நடுவில் விட்டால் என்ன ஆகும் என்பதை மும்பை பார்த்திருக்கிறது. சோதித்த எந்த மருந்துக்கும் கட்டுப்படாத டிபி என்று இந்துஜா ஆஸ்பத்திரி மருத்துவர்கள் 2011 கடைசியில் அறிவித்தது இந்த நகரத்து நோயாளிகளைப் பற்றித்தான். மழைத் தண்ணீரில் நடந்தவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமல் இருக்க மாநகராட்சி டாக்டர்கள் தரும் டாக்சிசைக்ளின் வேறு கணக்கு. அது தேவை பார்த்துக் கொடுப்பது, வெள்ளத்தில் நடந்தால் 72 மணி நேரத்துக்குள் போய்க் கேளுங்கள். ஆன்டிபயாடிக் என்ற பெயரைக் கேட்டதுமே ஒதுங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை என்பதற்காக இதையும் எழுதுகிறேன்.

கடைசியாக, மாமாவின் பிராஸ்டேட். இப்போது மாத்திரையில் ஓடினாலும், மறுபடி அடைத்தால் ஆபரேஷன் என்று சொல்லக்கூடும். அந்த ஆபரேஷனில் சிறுநீர்ப் பாதையின் உட்தோல் கிழிபடும், சிறுநீரில் இருக்கிற கிருமி நேராக ரத்தத்துக்குள் போகலாம். அதனால் அப்போது மட்டும், நோய் இல்லாவிட்டாலும், கிருமிக்கு ஏற்ற மருந்து கொடுத்தாக வேண்டும். தேதி குறிக்கும் அன்றே இந்த ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். பழைய ரிப்போர்ட்டை மட்டும் நம்பாமல், ஆபரேஷனுக்குச் சில நாள் முன்பு புதிதாக ஒரு கல்சர் எடுப்பார்கள். காலையில் நன்றாகக் கழுவிவிட்டு, முதலில் வரும் சிறுநீரை விட்டு, நடுவில் வருவதை லேப் கொடுத்த டப்பாவில் நேராகப் பிடித்துக் கொடுக்க வேண்டும். உடனே லேபில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். வெயிலில் வைத்திருந்தால் கிருமி டப்பாவுக்குள்ளேயே பெருகிவிடும்.

அட்மிஷன் கவுன்டரில் இதைச் சொன்னால் படுக்கை கொடுக்க மாட்டார்களோ என்று பலர் மறைக்கிறார்கள். மறைக்காதீர்கள். சொன்னால்தான் அவருக்கு மூலைப் படுக்கையும் தனி ஜக்கும் கொடுப்பார்கள், பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் போகாமல் பார்த்துக்கொள்வார்கள். மறுபடி டியூப் போட நேர்ந்தால், போடுகிற அன்றே டாக்டரிடம் எடுக்கிற நாளைக் கேட்டு கேஸ் பேப்பரின் மேலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.